வடிகட்டி போட்டாச்சு, அப்புறம்? யூடியூபும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

"சார், யூடியூப்ல ரெஸ்ட்ரிக்டட் மோடு போட்டுட்டேன். இனிமே பயம் இல்லதானே?"

சாஃப்ட்வேர்காரனைப் பார்த்தால் அபார்ட்மெண்ட் லிஃப்டில் கேட்கப்படும் கேள்விகளில் இது முக்கியமானது. லிஃப்ட் மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் சொல்ல முடிந்த பதில் "ஓரளவுக்கு" என்பதுதான். அந்த ஓரளவு எவ்வளவு? கிடைத்த ஆய்வுகளையும் வெளிப்படையாக உள்ள எண்களையும் வைத்துக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

அவசரத்தில் இருப்பவர்களுக்குச் சுருக்கம்: வடிகட்டி, ஏற்கனவே தெரிந்த கெட்டதை நன்றாகத் தடுக்கும். புதிதாக வரும் கெட்டதை ஊகிக்கும். பேச்சுத் தமிழில் வரும் கெட்டதை ரொம்ப மோசமாக ஊகிக்கும். நம் பிள்ளைகள் பார்ப்பதில் பெரும்பங்கு மூன்றாவது வகை.

ஒரே பெயர், நாலு கருவி

"ஃபில்டர்" என்று நாம் சொல்வது உண்மையில் ஒன்றல்ல. குறைந்தது நாலு தனித்தனிக் கருவிகள். எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் எது எதைத் தடுக்கும் என்றும் தெரியாது.

முதலாவது, இணைப்பிலேயே போடும் வடிகட்டி. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020-ல் விட்ட 1.1.1.3 என்ற டிஎன்எஸ் முகவரி ஓர் உதாரணம். வீட்டு ரவுட்டரில் இதைப் போட்டுவிட்டால் ஆபாசத் தளங்களின் பெயர்களுக்கு வழி கிடைக்காது. ஐந்து நிமிட வேலை, இலவசம், கட்டாயம் போடலாம். ஆனால் இது பார்ப்பது தளத்தின் பெயரை மட்டும். யூடியூப் என்பது ஒரே பெயர். கந்த சஷ்டி கவசமும் அங்கேதான், கண்றாவியும் அங்கேதான். இணைப்பு முழுக்க மறைகுறியாக்கப்பட்டு ஓடுவதால் உள்ளே எந்த வீடியோ ஓடுகிறது என்று ரவுட்டருக்கும் தெரியாது, இணைப்பு தரும் கம்பெனிக்கும் தெரியாது. அத்தோடு, இது வீட்டு வைஃபைக்கு மட்டும்தான். தாத்தா போனில் மொபைல் டேட்டாவை ஆன் செய்தால் கதை முடிந்தது.

இரண்டாவது, ரெஸ்ட்ரிக்டட் மோடு. 2010-ல் "சேஃப்டி மோடு" என்ற பெயரில் வந்தது. வீடியோவின் தலைப்பு, விளக்கம், வயதுக் கட்டுப்பாடு உண்டா போன்ற அடையாளங்களை வைத்து மறைக்கும். இதை ஒவ்வொரு பிரவுசரிலும் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அப்பா போனில் போட்டால் ஹாலில் இருக்கும் டிவிக்கு அது தெரியாது.

மூன்றாவது, யூடியூப் கிட்ஸ். தனி ஆப். அமெரிக்காவில் 2015-ல் வந்தது, இந்தியாவுக்கு 2016-ல். உள்ளே வருவதைப் பெரும்பாலும் நிரல்தான் தேர்ந்தெடுக்கிறது. 2017-ல் இதன் ஓட்டை உலகத்துக்கே தெரிந்தது. பெப்பா பிக், எல்சா, ஸ்பைடர்மேன் போன்ற குழந்தைகளுக்குப் பிடித்த உருவங்களை வைத்து வன்முறையும் அசிங்கமும் கலந்த வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் வந்தன, சில கிட்ஸ் ஆப்புக்குள்ளும் நுழைந்தன. "எல்சாகேட்" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

நாலாவது நம் கண்ணுக்குத் தெரியாதது. ஏற்றும்போதே நடக்கும் கைரேகைச் சோதனை. சிறார் பாலியல் கொடுமைப் படங்களைக் கண்டுபிடிக்க மைக்ரோசாஃப்டும் பேராசிரியர் ஹானி ஃபரித்தும் சேர்ந்து 2009-ல் செய்த ஃபோட்டோடிஎன்ஏ இந்த வகை. வீடியோவுக்கு யூடியூபே ஒன்றைச் செய்து வைத்திருக்கிறது. ஏற்கனவே பிடிபட்ட படத்தின் கைரேகையோடு புதிதாக வருவதை ஒப்பிடுவது இதன் வேலை. மிக நன்றாக வேலை செய்கிறது.

ஏன் நாலாவது மட்டும் நன்றாக வேலை செய்கிறது? அது ஒப்பிடுகிறது. மற்றவை, பெயர்ப் பட்டியலைத் தவிர, ஊகிக்கின்றன. காபி ஃபில்டர் பொடியை நிறுத்துகிறதென்றால், பொடியின் அளவு தெரிந்து துளை போட்டிருக்கிறார்கள். "குழந்தைக்கு ஆகாதது" என்பதற்கு அப்படி ஓர் அளவு இல்லை.

சென்னைப் போலீஸ் வரை வந்த ஒரு கேஸ்

2021 ஜூன் மாதம் ஞாபகம் இருக்கலாம். மதன் என்ற யூடியூபர் மீது புகார்கள் குவிந்து, சென்னை மத்தியக் குற்றப்பிரிவின் சைபர் கிரைம் போலீசார் ஜூன் 18 அன்று அவரைத் தர்மபுரியில் பிடித்தார்கள். ஜூலையில் குண்டர் சட்டமும் பாய்ந்தது. 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பப்ஜியை லைவாக விளையாடிக்கொண்டே ஆபாசமாகப் பேசினார், பெண்களை இழிவாகப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. பார்த்தவர்களில் பள்ளிக்கூடப் பையன்கள் ஏராளம். கொரோனா காலம், ஆன்லைன் வகுப்புக்காக எல்லார் கையிலும் போன்.

வழக்கின் சட்டப் பக்கத்தை விடுங்கள். ஒரு வடிகட்டியின் கண்ணால் இதைப் பார்ப்போம். திரையில் ஓடுவது வீடியோ கேம். ஓடும் பொம்மைகள், புல்வெளி, துப்பாக்கிச் சத்தம். படத்தைப் பார்க்கும் நிரலுக்கு இது கோடிக்கணக்கான கேம் வீடியோக்களில் ஒன்று. பிரச்சினை முழுக்கக் குரலில். அதுவும் லைவில், அதுவும் நம் ஊர்ப் பேச்சுத் தமிழில். அவருடைய சேனல் ஒன்றின் பெயரிலேயே "18+" என்று இருந்தது. பெரியவர்களுக்கு அது எச்சரிக்கை. பதினாலு வயதுப் பையனுக்கு அது அழைப்பிதழ்.

இதை வெளியே கொண்டுவந்தது எந்த நிரலும் இல்லை. காதால் கேட்டுப் பதறிப்போய் புகார் கொடுத்த மனிதர்கள்.

தமிழ் ஏன் கஷ்டம்?

இதில் கம்பெனியைத் திட்டுவது சுலபம். ஆனால் தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு.

ஒன்று, எழுத்து. நாம் கமெண்டிலும் தலைப்பிலும் பாதி நேரம் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம். அதற்கு எழுத்துக்கூட்டல் விதி கிடையாது. "வேண்டாம்" என்ற சாதாரணச் சொல்லையே வேணாம், வாணாம், வேண்டா என்று பேச்சுக்கு ஏற்பவும், ஒவ்வொன்றையும் நாலைந்து விதமான ஆங்கில எழுத்திலும் எழுதுவோம். கெட்ட வார்த்தைக்கு இன்னும் தாராளம், நடுவில் புள்ளி வைப்போம், நட்சத்திரம் வைப்போம். சொற்பட்டியல் வைத்துத் தடுக்கும் எந்த முறையும் இங்கே மூச்சு வாங்கும்.

இரண்டு, இரட்டை அர்த்தம். தமிழ் சினிமா காமெடியில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக இருக்கும், வாக்கியம் மட்டும் அழுக்காக இருக்கும்.

மூன்று, பயிற்சித் தரவு. தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கமெண்டுகளை வைத்து, அதில் உள்ள உணர்வு நல்லதா கெட்டதா என்று கணிக்க ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதில் 15,744 கமெண்டுகள். அந்தத் துறையில் அது முக்கியமான முயற்சி. ஆனால் ஆங்கிலத்தில் இதே வேலைக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும். அடுத்த ஆண்டு திராவிட மொழிகளில் வசைச் சொற்களைக் கண்டுபிடிக்க ஒரு போட்டி நடந்தபோது, தமிழில் முதலிடம் பிடித்த அணியின் மதிப்பெண்கூட 1-க்கு 0.8-ஐத் தொடவில்லை. இதெல்லாம் எழுதப்பட்ட கமெண்டுக்கு. வீடியோவில் முதலில் பேச்சை எழுத்தாக்க வேண்டும், பிறகு எழுத்தை எடைபோட வேண்டும். பின்னால் பாட்டு, துப்பாக்கிச் சத்தம், நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தல். ஒவ்வொரு படியிலும் பிழை ஏறிக்கொண்டே போகும்.

நிலைமை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அடையாறு பக்கம் ஐஐடி மெட்ராஸில் இருக்கும் ஏஐ4பாரத் குழு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பேச்சு, மொழிபெயர்ப்பு மாடல்களைத் திறந்த மூலமாகவே விடுகிறது. ஆனால் பேச்சை எழுத்தாக்கத் தெரிவது ஒன்று, அந்தப் பேச்சு பத்து வயதுக் குழந்தை கேட்கலாமா என்று முடிவு செய்வது வேறொன்று.

கணக்குக்கு வருவோம்

மூன்று எண்கள்.

முதல் எண். யூடியூபே 2021 ஏப்ரலில் சொன்னது: 2020-ன் கடைசிக் காலாண்டில், ஒவ்வொரு 10,000 பார்வைகளிலும் 16 முதல் 18 வரை தங்கள் விதிகளை மீறிய வீடியோக்களுக்குப் போனவை. 2017-ல் இது 63 முதல் 72 வரை இருந்ததாம். நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஷார்ட்ஸ் ஒன்று 20 விநாடி என்றால், 20 நிமிடத்தில் 60 வீடியோ. மாதத்துக்கு 1,800. பத்தாயிரத்துக்கு 17 என்றால் மாதம் மூன்று. இது உலக சராசரி, எல்லா மொழிக்கும் எல்லா வயதுக்கும் சேர்த்து, எல்லாவித விதிமீறலுக்கும் சேர்த்து. குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் "பத்தாயிரத்துக்குப் பதினேழு" என்று கேட்கும்போது வரும் நிம்மதிக்கும் "மாதம் மூன்று" என்று கேட்கும்போது வரும் உணர்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே எண்தான்.

இரண்டாவது எண். பாபடாமு என்ற ஆய்வாளரும் சகாக்களும், சின்னக் குழந்தைகளைக் குறிவைக்கும் யூடியூப் வீடியோக்களை ஆராய்ந்து 2020-ல் ஒரு மாநாட்டில் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கான ஒரு சொல்லைத் தேடி, வரும் முதல் பத்து முடிவுகளில் ஒன்றில் தொடங்கி, யூடியூப் பரிந்துரைப்பதையே தொடர்ந்து பத்து முறை தாவினால், ஆகாத வீடியோ ஒன்றில் போய் முட்டும் வாய்ப்பு 3.5 சதவீதம். சின்னதாகத் தெரிகிறதா? தினம் ஒரு முறை இப்படித் தாவினால் 30 நாளில் ஒரு தடவையாவது முட்டும் வாய்ப்பு ஏறக்குறைய 66 சதவீதம். (0.965-ஐ 30 முறை பெருக்கி, ஒன்றிலிருந்து கழியுங்கள். ஒரு நாளைக்கும் அடுத்த நாளைக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டால்.) ஆய்வுக்குப் பிறகு யூடியூப் நிறைய மாற்றியிருக்கிறது, எண் இன்று குறைந்திருக்கலாம். பாடம் மாறவில்லை: ஆபத்து நாம் தேடிப் போட்டுக்கொடுத்த முதல் வீடியோவில் இல்லை, தானாக வரும் பத்தாவதில் இருக்கிறது.

மூன்றாவது எண்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிரிபில்ஸ்கி, நாஷ் இருவரும் ஐரோப்பிய, பிரிட்டிஷ் குடும்பங்களின் தரவை வைத்து, வீட்டில் வடிகட்டி போட்டால் வளரிளம் பிள்ளைகள் ஆபாசத்தைப் பார்ப்பது குறைகிறதா என்று 2018-ல் எழுதினார்கள். ஒரே ஒரு பிள்ளையைக் காப்பாற்ற 17 முதல் 77 வீடுகள் வரை வடிகட்டி போட வேண்டியிருக்கும் என்று வந்தது. வடிகட்டி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேறு வழிகள் இருக்கின்றன, நண்பன் போன் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கோர்ட்டும் சென்சாரும்

நம் மாநிலத்தில் இது பலமுறை கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் ஆப்பை டவுன்லோடு செய்வதைத் தடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. குழந்தைகளின் பாதுகாப்பு அதில் முக்கியக் காரணம். கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடையிலிருந்து ஆப்பை எடுத்தன. மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தார் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்டார். ஏப்ரல் 24-ல் நிபந்தனையோடு தடை நீங்கியது. ஏற்கனவே ஆப் வைத்திருந்தவர்கள் அந்த இடைவெளியிலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்தியாவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களை நீக்கியிருக்கிறோம் என்று டிக்டாக் அப்போது சொன்னது. பெரிய எண். ஆனால் நீக்குவதற்கு முன் அவற்றை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் பெற்றோருக்கு வேண்டிய எண். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு வேறு காரணங்களுக்காக டிக்டாக்கை ஒரேயடியாகத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் அறிமுகமானது, முதலில் இந்தியாவில். ஒரு கதவு மூடினால் பக்கத்துக் கதவு திறக்கும்.

2025 டிசம்பரிலும் மதுரைக் கிளையில் இன்னொரு வழக்கு. இணைப்பு தரும் கம்பெனிகள் பெற்றோருக்கான கட்டுப்பாட்டு வசதியைத் தர வேண்டும் என்று கேட்டது மனு. 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற ஆஸ்திரேலியா மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு யோசிக்கலாம் என்றது நீதிமன்றம். மனுவின் ஆதங்கம் நியாயம். ஆனால் மேலே சொன்னதுதான்: இணைப்பு தரும் கம்பெனியால் தளத்தைத் தடுக்க முடியும், யூடியூபுக்குள் ஒரு வீடியோவை மட்டும் தடுக்க முடியாது.

இதைவிட வேடிக்கை சென்சார் விஷயம். நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் தணிக்கை வாரியத்தின் மண்டல அலுவலகம் இருக்கிறது. மனிதர்கள் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்து யு, யுஏ, ஏ என்று சான்றிதழ் தருகிறார்கள். இப்போது யுஏவையும் 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். ஓடிடிக்கு 2021 விதிகள்படி வயது வகையும் பெற்றோர் பூட்டும் உண்டு. ஆனால் அதே படத்தின் 30 விநாடிக் காட்சியை யாரோ வெட்டி ஷார்ட்ஸில் போட்டால், அதோடு சான்றிதழ் வருவதில்லை. தியேட்டர் வாசலில் நிறுத்தப்படும் குழந்தை, அதே காட்சியைத் தியேட்டருக்கு வெளியே ஆட்டோவில் உட்கார்ந்து பார்க்கலாம்.

இறுக்கினால் என்ன ஆகும்?

"அப்போ ஃபில்டரை இன்னும் டைட்டாக்க வேண்டியதுதானே?" கேட்கத் தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கு. 10,000 வீடியோவில் 20 மோசம். வடிகட்டி மோசமானதில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்லதில் 5 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கிறது. மோசமானதில் 18 பிடிபடும். நல்லதில் 499 பிடிபடும். மொத்தம் தடுத்த 517-ல் நிஜக் குற்றவாளி 18 பேர்தான்! கெட்டது அரிதாக இருக்கும் இடத்தில் இறுக்கமான வடிகட்டி பெரும்பாலும் நல்லதைத்தான் தடுக்கும்.

அந்த 499-ல் என்ன இருக்கும்? முதல் மாதவிடாய் பற்றி மருத்துவர் பேசும் வீடியோ இருக்கலாம். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றிய பாடம் இருக்கலாம். சைல்டுலைன் அமைப்பு எடுத்த "கோமல்" என்ற குறும்படம் போன்றவை உடல் உறுப்புகளைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். வடிகட்டி தேடுவதும் அதே சொற்களைத்தான். 2017-ல் ரெஸ்ட்ரிக்டட் மோடு பால்புதுமையினரின் சாதாரண வீடியோக்களை மறைத்துச் சர்ச்சையானபோது, யூடியூப் திருத்திச் சேர்த்த வீடியோக்கள் மட்டும் 1 கோடியே 20 லட்சம். பிள்ளையைக் காப்பாற்றும் பாடத்தையே பிள்ளையிடமிருந்து மறைத்துவிடும் வடிகட்டி பாதுகாப்பு இல்லை.

சரி, என்னதான் செய்வது?

எட்டு வயது வரை: வடிகட்டியைத் தலைகீழாக்குங்கள். யூடியூப் கிட்ஸில் பெற்றோர் ஒப்புக்கொண்டது மட்டும் ஓடும்படி ஒரு அமைப்பு 2018 முதல் இருக்கிறது. தேடலும் கிடையாது. ஓர் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து இருபது முப்பது சேனல்களைத் தேர்ந்தெடுங்கள். நம் சென்னையிலிருந்தே வரும் சூச்சூ டிவி மாதிரிச் சேனல்கள் பிடிக்குமென்றால் அதைச் சேருங்கள். "கெட்டதைத் தடு" என்பதில் பிழை வந்தால் கெட்டது உள்ளே வரும். "நல்லதை மட்டும் விடு" என்பதில் பிழை வந்தால் ஏதோ ஒரு நல்ல வீடியோ வெளியே நிற்கும், அவ்வளவுதான். மேலே சொன்ன எல்லாக் கணக்கும் இந்த ஒரு மாற்றத்தில் நமக்குச் சாதகமாகத் திரும்பிவிடுகிறது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை: ஃபேமிலி லிங்க் வழியாகக் கண்காணிப்புக் கணக்கு. ஆட்டோபிளேயை அணையுங்கள். பத்தாவது தாவலில்தான் ஆபத்து என்றால் தாவலைக் குறைப்பதுதான் மருந்து. ஷார்ட்ஸைத் தள்ளிக்கொண்டே போவதற்கு நேர வரம்பு.

இன்னொன்று, செலவே இல்லாதது. இயர்போன் வேண்டாம், ஹாலில் சத்தமாக ஓடட்டும். தமிழ்ப் பேச்சுக்கு இன்று இருக்கும் சிறந்த வடிகட்டி சமையலறையில் இருக்கும் பெரியவரின் காது. மதன் விஷயத்தில் நிரல் கேட்காததை ஹாலில் இருக்கும் பாட்டி முதல் நிமிடத்திலேயே கேட்டிருப்பார்.

பதிமூன்றுக்கு மேல்: கருவியால் வரும் பலன் குறைவு. ஆக்ஸ்ஃபோர்டு எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் ஏதாவது ஒன்றைப் பார்க்கத்தான் போகிறார்கள். பார்த்ததை வந்து சொன்னால் போனைப் பிடுங்குவோம் என்று தெரிந்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். "சொன்னா போன் போகாது" என்ற வாக்குறுதியை முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. வீட்டில் சொல்ல முடியாத அளவுக்கு ஏதாவது நடந்தால் 1098 என்ற எண் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக எல்லா வயதுக்கும்: வீட்டில் எத்தனை திரை இருக்கிறது என்று எண்ணுங்கள். அப்பா போன், அம்மா போன், தாத்தா போன், ஹால் டிவி, ஆன்லைன் வகுப்புக்கு வாங்கி மூலையில் கிடக்கும் டேப்லட். வடிகட்டி போட்டது எத்தனையில்? ஐந்தில் ஒன்று என்றால், பிள்ளைகளுக்கு மற்ற நாலும் எங்கே இருக்கிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.